புல் வெட்டும்போது பறந்த கல்: நிலவனப்புத் தொழிலுக்கு என்னென்ன காப்புறுதி தேவை?

காலையில் புளோக்கிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்கு நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒருவர் முகக் கவசம் போட்டுக்கொண்டு, தோளில் இயந்திரத்தைத் தொங்கவிட்டுப் புல் வெட்டுவார். பக்கத்தில் இன்னொருவர் வலை கட்டிய ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெட்டுபவர் நகர நகர இவரும் நகர்வார். அந்த வலை எதற்கு என்று யோசித்ததுண்டா?

கல்லுக்காகத்தான். புல்லுக்குள் கிடக்கும் ஒரு சின்னக் கல் சுழலும் கத்தியில் பட்டால் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார் கண்ணாடியில் படலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கண்ணிலும் படலாம்.

என் தாய்மாமா இந்தத் தொழிலில்தான் இருக்கிறார். ஒரு லாரி, நான்கு ஊழியர்கள், சில கொண்டோமினியங்கள், கொஞ்சம் தரைவீடுகள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் வலை இருந்தும் கல் பறந்தது. நிறுத்தியிருந்த காரின் பின்கண்ணாடி உடைந்தது. காப்புறுதி இருந்தது. ஆனால் ஒவ்வொரு சம்பவத்திலும் முதலில் வரும் குறிப்பிட்ட தொகையை அவரே கட்டவேண்டும் என்பது நிபந்தனை. எக்சஸ் என்பார்கள். கண்ணாடி மாற்றும் செலவு அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டது. மாமா கையிலிருந்துதான் கொடுத்தார்.

அது பெரிய விஷயமில்லை. அன்றிரவு அவர் ஒரு தடித்த கோப்பை என்னிடம் நீட்டி, "நீதான் படிச்ச புள்ளையாச்சே, இதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றாரே, அதுதான் பெரிய விஷயம். படித்துப் பார்த்தால், நான்கு ஊழியர்களில் மூன்று பேருக்குத்தான் வேலைக் காயக் காப்புறுதி இருந்தது. நான்காமவர் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அவனுக்கும் இன்சூரன்ஸ் போட்டுட்டேனே! போடாம பெர்மிட் கிடைக்காதே!" என்றார் மாமா. அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் போட்டது வேறொரு காப்புறுதி. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கோப்பு இருக்கலாம். அப்பாவோ சித்தப்பாவோ சின்ன நிறுவனம் நடத்துபவராக இருக்கலாம். நீங்களே நண்பர்களோடு சேர்ந்து தோட்டப் பராமரிப்பு வேலை தொடங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பக்கங்களில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டும் ஒன்றல்ல

சிங்கப்பூரில் நிலவனப்பு நிறுவனம் நடத்தும் முதலாளி, வேலை அனுமதியில் இருக்கும் ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். அதற்கும் மேலாக, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் தனியாக ஒரு காப்புறுதி எடுக்கவேண்டும். முதலாவதை மெடிக்கல் இன்சூரன்ஸ் என்றும், இரண்டாவதை விக்கா என்றும் தொழிலில் சொல்வார்கள். மாமாவிடம் நான்காமவருக்கு இருந்தது முதலாவது மட்டுமே.

மருத்துவக் காப்புறுதி, ஊழியர் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் உதவும். குடல்வால் அழற்சி வரலாம், நெஞ்சுவலி வரலாம், விடுமுறை நாளில் வழுக்கி விழலாம். வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டியதில்லை. 2023 ஜூலை 1 முதல் இதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. முதல் 15,000 வெள்ளி வரை காப்புறுதி நிறுவனமே கொடுக்கும். அதற்கு மேல் போனால் 75 விழுக்காட்டை நிறுவனமும் 25 விழுக்காட்டை முதலாளியும் பகிர்ந்துகொள்ளவேண்டும். மருத்துவமனைச் செலவு 35,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 போக மீதி 20,000. அதில் கால்பங்கு, அதாவது 5,000 வெள்ளி, முதலாளியின் பையிலிருந்து போகும். "இன்சூரன்ஸ் இருக்கு, கவலையில்ல" என்று நினைக்கும் சின்ன முதலாளிகளுக்கு இந்த 25 விழுக்காடு பெரும்பாலும் தெரிவதில்லை.

2025 ஜூலை 1 முதல் இதில் இன்னும் சில மாற்றங்கள் நடப்புக்கு வந்தன. எவற்றுக்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ள முடியாது. அந்தப் பட்டியல் இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி. காப்புறுதிப் பணம் மருத்துவமனைக்கு நேரடியாகப் போகும், முதலாளி முதலில் கட்டிவிட்டுப் பிறகு காத்திருக்கவேண்டியதில்லை. 50 வயதுக்கு மேற்பட்ட ஊழியருக்குச் சந்தா தனி. வயதானவர்கள் அதிகம் வேலை செய்யும் இந்தத் துறையில் அது கவனிக்கவேண்டிய செலவு.

சரி, விக்காவுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையவே பேசவேண்டும்.

மரத்திலிருந்து விழுந்தால் யார் கொடுப்பது?

உடலுழைப்பு வேலை செய்யும் எவராக இருந்தாலும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், அவருக்கு வேலைக் காயக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். உள்ளூர்க்காரரா, வெளிநாட்டவரா, முழுநேரமா, பகுதிநேரமா என்ற வேறுபாடே கிடையாது. அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கும்கூட, மாதச் சம்பளம் 2,600 வெள்ளியோ அதற்குக் குறைவோ என்றால், கட்டாயம். எடுக்காமல் விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தின் முக்கியமான அம்சம், யார் மீது தவறு என்று பார்ப்பதில்லை என்பது. ஊழியர் பாதுகாப்புக் கண்ணாடி போட மறந்துவிட்டார், கத்தி உடைந்து கண்ணில் பட்டுவிட்டது. "நீ போடாததுதானே காரணம்" என்று முதலாளி கையை விரிக்க முடியாது. வேலையின்போது, வேலையினால் ஏற்பட்ட காயமா என்பதே கேள்வி. மது, போதைப்பொருளின் தாக்கத்தில் இருந்தது, சண்டை போட்டது, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

இந்தத் தொழிலில் காயம் எப்படியெல்லாம் வரும் என்று வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. மரம் ஏறிக் கிளை வெட்டும்போது விழுவதுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் புதருக்குள் குளவிக்கூடு இருக்கும். மின்னல் வரும். வெயில் இருக்கவே இருக்கிறது. ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடுமையான உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்கு ஒருமுறை குறைந்தது 10 நிமிட ஓய்வு கொடுக்கவேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்தது. வேலை செய்யும்போது வெப்பத் தாக்கத்தால் ஒருவர் சுருண்டு விழுந்தால், அதற்கும் இந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம்.

முதலாளி ஏற்பாடு செய்த லாரியில் தங்கும் விடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால்? அதுவும் சேரும்.

இழப்பீடு மூன்று வகை. மருத்துவ விடுப்புக்கால ஊதியம் முதலாவது. வெளிநோயாளி என்றால் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டு வரை. மருத்துவச் செலவு இரண்டாவது. நிரந்தர உடற்குறைவுக்கோ மரணத்துக்கோ கொடுக்கும் மொத்தத் தொகை மூன்றாவது.

2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு இந்த வரம்புகள் உயர்ந்துள்ளன. மரணத்துக்குக் குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 269,000. முழுமையான நிரந்தர உடற்குறைவுக்கு 116,000 முதல் 346,000 வெள்ளி வரை. மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்து நடந்து ஓராண்டு வரை, எது முன்னால் வருகிறதோ அது. பழைய எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். இறந்தவருக்கு 225,000 என்று யாராவது சொன்னால், அது முந்திய உச்சவரம்பு.

இப்போது மாமாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த நான்காமவர் காப்புறுதி இல்லாத அந்த இரண்டு மாதத்தில் ஒரு கிளையோடு கீழே விழுந்திருந்தால், சட்டப்படி அவருக்குச் சேரவேண்டிய இழப்பீடு குறையாது. காப்புறுதி இல்லையென்றால் அந்தக் கடன் முதலாளியின் தலையில்தான். 346,000 வெள்ளிக்கு மாமா எங்கே போவார்? மாமாவால் கொடுக்க முடியாமல் போனால், முதுகெலும்பு உடைந்து கிடக்கும் மனிதர் எங்கே போவார்? அந்தக் கோப்பை மூடிவைத்த பிறகும் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

சந்தாவை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அது முதலாளியின் செலவு. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், "மாசம் கொஞ்சம் பிடிச்சுக்கறாங்க" என்று நிலத்தில் வேலை செய்பவர்களே சாதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, சந்தாவுக்கான கணக்கு ஊழியர் எண்ணிக்கையையும் அவர்களின் ஊதியத்தையும் வைத்துத்தான் போடப்படுகிறது. வேலையின் தன்மையும் அதில் முக்கியம். "புல் வெட்டுதல், தோட்டப் பராமரிப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் இருபது மீட்டர் மரத்தில் ஆளை ஏற்றினால், விபத்துக்குப் பிறகு பெரிய பேச்சு வரும். செய்யும் எல்லா வேலையையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மலிவு.

காயம் நடந்துவிட்டால்

ஒரு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தாலும் சரி, "இலகுவான வேலை மட்டும் செய்யட்டும்" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் சரி, மனிதவள அமைச்சிடம் முதலாளி தெரிவிக்கவேண்டும். விபத்து நடந்த 10 நாளுக்குள் அறிக்கை போகவேண்டும். மரணம் என்றால் உடனடியாகவே தெரிவிக்கவேண்டும்.

மூன்று நாளுக்கு மேல் விடுப்பு இருந்தால்தான் சொல்லவேண்டும் என்று பழைய கைகள் சொல்வார்கள். அது ஒரு காலத்தில் இருந்த விதி. புதிய சட்டம் 2020 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து அது மாறிவிட்டது.

நீங்கள் ஊழியர் பக்கம் இருந்தால், அல்லது விடுதியில் இருக்கும் ஒரு உறவினர் கைப்பேசியில் உங்களைக் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்டால், ஒன்றைச் சொல்லுங்கள்: விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்கவேண்டும். வேலையை விட்டு நின்றிருந்தாலும், வேலை அனுமதி ரத்தாகியிருந்தாலும், அந்த உரிமை போய்விடாது. மருத்துவரிடம் போகும்போது, "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று தெளிவாகச் சொல்லவேண்டும். முதலாளி கோபப்படுவாரோ என்று பயந்து, "ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால், அதே வாசகம் மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு அதை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சட்டத்தின்கீழ் கோரலாம், அல்லது முதலாளியின் கவனக்குறைவைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. வழக்கில் வரம்பு இல்லை, ஆனால் தவறு முதலாளியுடையது என்று நிரூபிக்கவேண்டும்.

முதலாளியே புல் வெட்டினால்?

சின்ன நிறுவனங்களில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லை. ஆட்களோடு சேர்ந்து அவரும் வெட்டுவார், லாரியும் ஓட்டுவார். தனியுரிமையாளராகப் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்துபவர், சட்டத்தின் பார்வையில், யாருக்கும் ஊழியர் இல்லை. அதனால் விக்கா அவருக்குக் கிடையாது. பங்காளிகளாகச் சேர்ந்து நடத்துபவர்களுக்கும் அதே நிலைதான்.

நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து வார இறுதியில் தரைவீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், இதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும். உங்கள் கால் உடைந்தால் மெடிஷீல்டு லைஃப் மருத்துவமனைக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும். மூன்று மாதம் வேலை இல்லாமல் வீட்டில் கிடக்கும்போது வருமானத்துக்கு அது எதுவும் செய்யாது. தனிநபர் விபத்துக் காப்புறுதி, நீண்டநாள் மருத்துவ விடுப்புக் காப்புறுதி என்று இதற்கென்றே திட்டங்கள் உண்டு. வாங்கும்போது, மரம் ஏறுவதையும் சங்கிலி ரம்பம் பிடிப்பதையும் அது ஏற்றுக்கொள்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அலுவலக வேலை பார்ப்பவருக்கு விற்கும் திட்டத்தை அப்படியே உங்களுக்கும் விற்றுவிடுவார்கள்.

"ஒரு நாளைக்குத்தானே, கூட வாடா" என்று நண்பரை அழைத்துப்போய்ப் பணம் கொடுத்தால்? அவர் அந்த ஒரு நாளுக்கு உங்கள் ஊழியராகக் கருதப்படலாம். அப்போது நீங்கள் முதலாளி. மேலே சொன்ன எல்லாமே உங்களுக்குப் பொருந்தும்.

வழியில் போகிறவருக்கு அடிபட்டால்

இதுவரை பேசியது உள்ளே இருப்பவர்களைப் பற்றி. வெளியே இருப்பவர்களுக்கு, அதாவது வழிப்போக்கருக்கோ அடுத்தவர் சொத்துக்கோ சேதம் வந்தால் கைகொடுப்பது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. பப்ளிக் லையபிலிட்டி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கார் கண்ணாடி இதன்கீழ்தான் வந்தது.

இதைச் சட்டம் எல்லாருக்கும் கட்டாயமாக்கவில்லை. ஆனால் குத்தகை கொடுப்பவர்கள் விடமாட்டார்கள். நகர மன்றமோ கொண்டோமினிய நிர்வாகமோ, குத்தகை ஆவணத்திலேயே ஒரு தொகையைக் குறிப்பிட்டு அந்த அளவுக்குக் காப்புறுதி இருக்கவேண்டும் என்று கேட்கும். 500,000 வெள்ளி, 1 மில்லியன் வெள்ளி போன்ற எண்களே பெரும்பாலும் கண்ணில் படும். அது ஒரு சம்பவத்துக்கான வரம்பா, ஆண்டு முழுவதற்குமான மொத்த வரம்பா என்று பாருங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. சேதம் நடந்துவிட்டது என்பதற்காக மட்டுமே இந்தக் காப்புறுதி பணம் கொடுக்காது. சட்டப்படி நீங்கள் பொறுப்பு என்று ஆகவேண்டும்.

மரம் விழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை அடித்த சுமத்ரா சூறைக்காற்று நினைவிருக்கிறதா? தெங்கா பகுதியில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவானது. தீவு முழுவதும் 300க்கும் மேற்பட்ட இடங்களில் மரங்கள் சாய்ந்தன, கிளைகள் முறிந்தன. ஒரு கொண்டோமினியத்தில் போன மாதம்தான் நீங்கள் மரங்களைக் கத்தரித்துக் கொடுத்தீர்கள், இப்படிப்பட்ட காற்றில் ஒரு மரம் விழுந்து இரண்டு கார்கள் நசுங்கிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கார் உரிமையாளர்கள் நிர்வாகத்தைக் கேட்பார்கள், நிர்வாகம் உங்களைக் கேட்கும். வேர் அழுகியிருந்ததைப் பார்த்தும் சொல்லாமல் விட்டீர்களா? ஒரே பக்கமாகக் கிளைகளை வெட்டிச் சமநிலையைக் கெடுத்தீர்களா? செய்யவேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தால் நீங்கள் பொறுப்பாகாமல் போகலாம். ஆனால் அதைக் காட்டுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு படங்கள் கூடப் போதும், தேதி இருந்தால்.

2017 பிப்ரவரி 11ஆம் தேதி பூமலையில் 270 ஆண்டுக்கு மேற்பட்ட தெம்புசு மரம் வேரோடு சாய்ந்தது. ஒரு பெண் உயிரிழந்தார், நால்வர் காயமடைந்தனர். 40 மீட்டர் உயரமான, மரபுடைமை மரமாக அறிவிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்ட மரம் அது. அதன் பிறகு எல்லாரும் கேட்ட கேள்விகளில் ஒன்று, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதுதான். ஆண்டுக்கு இருமுறை சோதிக்கப்பட்டதாகவும், கடைசிச் சோதனை 2016 செப்டம்பரில் நடந்ததாகவும் தேசியப் பூங்காக் கழகம் சொன்னது. ஒரு பெரிய அமைப்பிடம் அந்தத் தேதி எழுத்தில் இருந்தது. ஒரு லாரி வைத்து நடத்தும் நிறுவனத்திடம் இருக்குமா?

காப்புறுதி நிறுவனம், உங்கள் மீதான கோரிக்கையை எதிர்த்து வாதாடும் சட்டச் செலவையும் ஏற்றுக்கொள்வது வழக்கம். சின்ன நிறுவனங்களுக்கு இழப்பீட்டைவிட அதுவே பெரிய உதவியாக இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அவர்களைக் கேட்காமல், "மன்னிச்சிடுங்க, என் தப்புதான், நான் கட்டிடறேன்" என்று நீங்களே ஒப்புக்கொள்ளக்கூடாது. நம்ம ஆட்களுக்கு இது கஷ்டம்தான். அடிபட்டவரைக் கவனியுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள், அன்பாகப் பேசுங்கள். பொறுப்பை ஏற்கும் பேச்சை மட்டும் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்ட பிறகு பேசுங்கள்.

கொடுக்கமாட்டோம் என்று எழுதியிருக்கும் பக்கம்

எந்த பாலிசியையும் நான் இப்போது பின்னாலிருந்துதான் படிக்கிறேன். முன்பக்கத்தில் என்னென்ன கொடுப்போம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் எவற்றுக்குக் கொடுக்கமாட்டோம் என்று இருக்கும்.

உயரம் அங்கே அடிக்கடி வரும். குறிப்பிட்ட மீட்டருக்கு மேல் செய்யும் வேலைக்குப் பொருந்தாது என்று ஒரு வரி இருக்கலாம். மாமாவின் பாலிசியில் இருந்தது. மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய ஆபத்துள்ள வேலைக்கு, பாதுகாப்பு விதிகளின்படி வேலை தொடங்கும் முன்பே எழுத்துவழி அனுமதி நடைமுறை இருக்கவேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஆளை ஏற்றியிருந்தால், காப்புறுதிப் பேச்சு ஒருபுறம், அமைச்சின் விசாரணை மறுபுறம்.

உங்கள் கையில் இருக்கும் பொருளுக்கு ஏற்படும் சேதமும் பெரும்பாலும் சேராது. வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய போன்சாய் மரத்தைக் கத்தரிக்கச் சொன்னார், தவறாக வெட்டி அது பட்டுப்போனது. அது உங்கள் வேலையின் தரம் சம்பந்தப்பட்டது, பொதுப் பொறுப்பில் வராது என்று சொல்லிவிடுவார்கள். களைக்கொல்லி காற்றில் பறந்து அடுத்த வீட்டு மீன்குளத்தில் விழுந்தால், மாசு தொடர்பான விலக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டிவரும்.

குழி தோண்டுவதும் இந்த வகைதான். பெரிய மரம் நட ஆழமாகத் தோண்டும்போது மின்கம்பி அறுந்தால், ஒரு வட்டாரமே இருட்டாகிவிடும். தோண்டுவதற்கு முன் உரிமம் பெற்ற கம்பி கண்டறியும் ஊழியரை அழைத்துச் சோதிக்கவேண்டும். அந்தச் சோதனை அறிக்கை இல்லாவிட்டால் காப்புறுதிக் கோரிக்கை எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அபராதத்துக்கு எந்தக் காப்புறுதியும் கிடையாது. மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி நிலங்களிலும் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்டினால், 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அந்தச் சுற்றளவை அளப்பார்கள். வீட்டுக்காரர் "என் வீட்டு மரம்தானே, வெட்டுப்பா" என்று சொன்னாலும், ரம்பத்தைப் பிடித்தவர் நீங்கள்.

லாரிக்குக் காப்புறுதி கட்டாயம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் சட்டம் கட்டாயமாக்குவது அடுத்தவரின் உயிருக்கும் உடலுக்கும் மட்டும்தான். இரவில் லாரியிலிருந்து திருடுபோகும் இயந்திரங்கள் அதில் சேராது. அதற்குத் தனியாக எடுக்கவேண்டும்.

துணைக் குத்தகைக்கு வேறொருவரிடம் வேலையைக் கொடுத்தால், அவருடைய காப்புறுதிச் சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள். தேதியைப் பாருங்கள். போன வாரம் முடிந்துபோன சான்றிதழை நீட்டுபவர்களும் உண்டு.

மாமா மறுநாள் காலை ஏழு மணிக்கே முகவரைக் கூப்பிட்டார். அவர் ஒன்பது மணிக்குத்தான் எடுத்தார். நான்காவது ஊழியரைச் சேர்க்கவும், மரம் ஏறும் வேலையைப் பட்டியலில் எழுதவும், உயர வரம்பை மாற்றவும் கூடுதல் சந்தா எவ்வளவு என்று கேட்டார். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்தபோது மாலை மூன்று மணி. அதுவரை அந்தத் தம்பியை லாரியை விட்டு இறங்கவே விடவில்லையாம். "என்னண்ணே, இன்னிக்கு எனக்கு மட்டும் லீவா?" என்று கேட்டிருக்கிறார் அவர். மாமா ஒன்றும் சொல்லாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம்.